நாலாவது கதிரை

தோட்டவெளியில் யாராவது கொழும்புக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டால், பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு முதல் கிருஷாந்தியின் வீட்டு விறாந்தைக்கு வந்துபோவார்கள். அவள் தையல் மெசினை நிறுத்துவாள். சட்டை வெட்டுவதற்கென்று வைத்திருக்கும் பழுப்புக் கடதாசியில் ஒரு துண்டைக் கிழித்து நிலத்தில் விரித்து, தையல் சோக்கால் கோடு இழுப்பாள். கோட்டை ஸ்ரேசன் ஒரு வட்டம். அதிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஏணிப்படிகள் மாதிரிக் குறுக்குத் தெருக்கள்.

“முதல் கடையில ஒண்டும் வாங்காதேங்கோ. முதல் கடை விலை கேக்கிறதுக்கு. லேஸ், பட்டன், லைனிங் எல்லாம் கெய்சர் வீதியில. வெள்ளிக்கிழமை போனா மத்தியானம் தொழப் பள்ளிவாசலுக்குப் போறதுக்குக் கன கடை பூட்டுவினம், அந்த நேரம் வெயிலுக்க நிண்டு காயாதேங்கோ.”

தாராபுரத்து மரியம் தன் மகளின் நிக்காஹ்வுக்கு உடுப்பெடுத்தது இந்தக் கடதாசியோடுதான். அதை இன்னும் அலுமாரிக்குள் மடித்து வைத்திருப்பதாகச் சொல்வாள்.

கிருஷாந்திக்கு வயது முப்பத்திமூன்று. தகப்பன் லெட்சுமணன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டுப் பத்து வயதுப் பையனாக மன்னாருக்கு வந்தவர். கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்து, மற்றவர்களின் வயலில் அரிவி வெட்டி, கடைசியில் தோட்டவெளியில் இரண்டு அறை வீட்டைக் கட்டி முடித்த வருசமே செத்துப்போனார். கிருஷாந்தி சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுப் பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போனாள். ஆறு வருசம் புறக்கோட்டையில் ஒரு மொத்தச் சேலைக் கடை. அதன் பிறகு நாலு வருசம் பம்பலப்பிட்டியில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையின் குசினி.

அந்தக் குசினியில் தலைமைச் சமையல்காரி நொய் என்ற தாய்லாந்துக்காரி. உரலில் பப்பாசிக்காயும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து எத்தனை இடி இடிக்க வேண்டும், எந்த இடியில் நிறுத்த வேண்டும் என்று கையைப் பிடித்துப் பழக்கியவள் அவள்தான். குசினிக்கும் முன்மண்டபத்துக்கும் நடுவில் கோப்பை நீட்டுவதற்கு ஒரு சதுர ஓட்டை இருந்தது. குனிந்து பார்த்தால் சாப்பிடுகிறவர்களின் முகம் தெரியாது, மேசையும் பிரம்புக் கதிரைகளும் கைகளும் மட்டும் தெரியும். நாலு வருசமாகக் கிருஷாந்தி அந்தக் கைகளைத்தான் பார்த்தாள். மோதிரம் போட்ட கைகள், போன் நோண்டுகிற கைகள், அவள் இடித்த சம்பலைக் கரண்டியால் கிண்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற கைகள்.

ஒரு பிறந்தநாளுக்கு, முன்னுக்குப் போயிருந்து ஒரு நேரம் சாப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். மனேஜர் சிரித்தார். “வேலை செய்யிறவை முன்னுக்கு இருக்கிறேல்லை. ஆரும் கெஸ்ட் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் தாராளமா இரு.” யார் கூட்டிக்கொண்டு வரப் போகிறார்கள் என்பதுதான் அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் காஸ் இல்லாமல் நாடு படுத்தபோது பாதிப் பேரை நிற்பாட்டினார்கள். அவள் ஊருக்கு வந்து மெசினில் குந்தினாள். வந்த பிறகும் அந்தப் பிரம்புக் கதிரை மனதுக்குள் கிடந்தது. காசைக் கொடுத்துத் தனியாகப் போய் இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. நாலு பேரில் ஒருத்தியாக யாரோ அழைத்துப்போய் இருத்த வேண்டும். அப்படிப் போயிருக்க வேண்டும்.

போன ஆவணி மாதம் அப்படி ஒரு வாய்ப்பு வாசலுக்கு வந்தது. வந்தது வசந்தமலர். உயிலங்குளத்தில் வயலும் மன்னார்ச் சின்னக்கடையில் மாடி வீடும் உள்ள பாலசிங்கத்தின் மனைவி. லெட்சுமணன் அரிவி வெட்டிய வயல்களில் அவர்களுடையதும் ஒன்று. கனடாவில் இருக்கும் மகன் கீர்த்தனன் கலியாணத்துக்கு வந்திருந்தான். கூறை எடுக்க வேண்டும். தாலி கட்டியதும் பொம்பிளை உடுக்கும் சேலை, மாப்பிள்ளை வீட்டார் நாள் பார்த்துப் போய் எடுப்பது. பாலசிங்கத்துக்குக் காலில் சீனிப் புண், பயணம் செய்ய முடியாது. தாயும் மகனும் மகள் லக்சிகாவும் போவதாக இருந்தார்கள்.

மூவரும் விறாந்தைக்கு வந்து கடதாசியைச் சுற்றி இருந்தார்கள்.

“அம்மா, என்னால கடை கடையா ஏறி இறங்கேலாது, முதலே சொல்லிப்போட்டன்,” என்றான் கீர்த்தனன். “நல்ல தாய்லாந்துச் சாப்பாடு கிடைக்குமெண்டால் வாறன். ஸ்காபரோவில நாங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் அதுதான்.”

“கூறை எடுக்கப் போற நாளில இவருக்கு நாக்கு நீளுது,” என்றாள் வசந்தமலர்.

கிருஷாந்தி சோக்கைக் கையில் உருட்டினாள். “அன்ரி, புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டில இருந்து ஒண்டரை. அந்த நேரம் எப்பிடியும் கூறை பாக்கேலாது. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் பதினொண்டரைக்குக் கொழும்பு. ராகுகாலத்தில நான் வேலை செய்த கடையில சாப்பிடுவம். அது முடியச் சரியா வெள்ளவத்தை. கூறையைக் கடைக்குள்ள லைற்றில பாத்து எடுத்திடாதேங்கோ, அரக்கும் சிவப்பாத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில விரிச்சுப் பாக்கவேணும். அடுத்த நாள் காலம நகைக்குச் செட்டியார் தெருவும் புறக்கோட்டையும்.”

“பாத்தியளே அம்மா!” என்றான் கீர்த்தனன். “ராகுகாலத்துக்கும் ஒரு பிரயோசனம் கண்டுபிடிச்சிட்டா இந்த அக்கா.”

வசந்தமலரும் சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். “அது சரி பிள்ளை, கூறை எடுத்து முடியுமட்டும் நாங்கள் மச்சம் தொடக்கூடாது. அங்க சைவமாத் தருவினமோ?”

“அவையின்ர சமையல்ல எல்லாத்துக்கும் மீன் சாறு விடுவினம், அன்ரி. கீரைக்கும்தான். பாத்தாலும் தெரியாது, சாப்பிட்டாலும் தெரியாது. நான் குசினிக்குள்ள போய் நொய் அக்காட்டைச் சொன்னால் வேற சட்டியில, வேற உரலில செய்து தருவா.”

“அப்ப நீர் வரத்தானே வேணும்.” வசந்தமலர் எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டாள். “எப்பிடியும் கூறைக்கு மூண்டு பேராப் போறேல்லை, காரியம் சரிவராது. நீரும் வாரும். நாலாப் போகும்.”

அவர்கள் போன பிறகும் கிருஷாந்தி அந்தக் கடதாசிக்கு முன்னாலேயே இருந்தாள்.

அன்றைக்கே நொய்க்கு போன் எடுத்தாள். அவர்கள் இருவரும் கதைப்பது பாதி சிங்களம், பாதி ஆங்கிலம், மிச்சம் சிரிப்பு. நாலு பேருக்கு மேசை வேண்டும் என்றாள். எந்த மேசை என்று நொய் கேட்டாள். “ஓட்டைக்கு நேர முன்னுக்கு இருக்கிறதைத் தா.” அதற்கு நொய், “சரி, உன்ர கையை நான் இங்கயிருந்து பாக்கிறன்,” என்றாள்.

கைக்காகவே கிருஷாந்தி இரண்டு நாள் சோக்கைத் தொடவில்லை. எப்போதோ வாங்கி வைத்த மயில்நீலத் துணியில் தனக்கென்று ஒரு சுரிதார் தைத்தாள். கழுத்துக்கு லேஸ் வைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடியும் வைத்தாள்.

தாய் பாலம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னா புள்ள, கல்யாணம் அந்தப் பையனுக்கா, ஒனக்கா?”

“சும்மா இரம்மா.”

“இல்ல, அவுங்க வீட்டுக்கு நான் போனா கொல்லப்பக்கம் வச்சுத்தான் தண்ணி குடுப்பாங்க. நீ என்னமோ ஒரே மேசைன்ற. அதான் கேட்டேன்.”

கிருஷாந்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இது வேறு காலம் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் லக்சிகா ஸ்கூட்டியில் வந்து, கடதாசியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். எதற்குப் படம், நான்தானே கூட வருகிறேன் என்று கேட்கக் கிருஷாந்திக்குத் தோன்றவில்லை.

அவர்கள் போகும் வாடகை வான் கிருஷாந்தியின் தம்பி டிலானுடையது. அந்த ஹயரும் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. புதன்கிழமை விடிய அவனோடு முன்சீற்றில் இருந்து, மயில்நீலச் சுரிதாரோடு, சின்னக்கடை வீட்டுக் கேற்றடிக்குப் போய் இறங்கினாள். வாசலில் லைற் எரிந்தது. வசந்தமலர் தலையில் பூவோடு படியிறங்கி வந்தவள் அவளைக் கண்டதும் நின்றாள்.

“நீர் வந்திட்டீரோ? லக்சி சொல்லேல்லையே உமக்கு?”

லக்சிகா போனைப் பார்த்தபடி நின்றாள். “மெசேஜ் போட நினைச்சனான், மறந்துபோனன். இல்லையக்கா... நேற்றுக் கனடாவில இருந்து பெரியம்மா போன் எடுத்தவ. கூறை எண்டால் எங்கட ஆக்கள் மட்டும்தான் போகவேணுமாம். வேற ஆக்களைக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டாமாம்.”

“அவ அப்பிடித்தான் பிள்ளை, பழைய ஆக்கள்,” என்றாள் வசந்தமலர். “நீர் குறை நினையாதையும். உம்மட பிளான்தான் கையில இருக்கே.”

“சொறி அக்கா,” என்றான் கீர்த்தனன். “அடுத்த முறை.”

எங்கட ஆக்கள். அதில் தான் இல்லை என்று கிருஷாந்திக்கு விளங்கியது. ஆனாலும் கணக்கு ஒன்று பாக்கியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப மூண்டு பேரா எல்லே போறியள், அன்ரி?”

“அதுக்கு வழியிருக்கு.” வசந்தமலர் கேற்றடிப் பூப்பாத்திக்குக் குனிந்தாள். கரையில் அடுக்கியிருந்த கற்களில் ஒரு தேங்காயளவு கல்லைப் பார்த்து எடுத்து, பைப்பில் மண்ணைக் கழுவி, முந்தானையால் துடைத்தாள். “மூண்டு பேர் போறதெண்டால் ஒரு கல்லைக் கூடக் கொண்டுபோனாச் சரி. அது நாலாவது ஆள். எங்கட அம்மாவையும் அப்பிடித்தான் செய்தவை.”

“டிலானும் வாறான்தானே. அவனோட நாலு.”

“டிறைவரைச் சேர்க்கிறேல்லைப் பிள்ளை. அவர் வாகனத்தோட வாறவர்.”

டிலான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழாமல் இருந்திருக்காது.

கல்லை நடுச் சீற்றில், யன்னல் ஓரமாக வைத்தார்கள். கனடாப் பழக்கத்தில் கீர்த்தனன் அதற்கு பெல்ற்றையும் இழுத்துக் கொழுவினான். “சேஃப்ரி முக்கியம்,” என்றான். லக்சிகா விழுந்து விழுந்து சிரித்தாள். கதவு மூடியது. வான் பெரிய பாலத்துப் பக்கம் திரும்பியது.

கிருஷாந்தி பஸ் நிலையத்தில் தோட்டவெளிக்குத் திரும்பும் முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். தாழ்வுபாட்டில் இருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் தெரிந்தவன். “எங்கை அக்கா, வடிவா வெளிக்கிட்டு, கொழும்புக்கோ?” என்று கேட்டான். “ஓம்,” என்றாள். வேறு என்ன சொல்வது?

பதினொன்றரைக்கு அவள் மெசினுக்கு முன்னால் இருந்தாள். தைக்கவில்லை. பக்கத்தில் போன் கிடந்தது. மீன் சாறு விட வேண்டாம் என்று நொய்க்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் உள்ளே போய்ச் சொல்வதாக இருந்ததால்தான் அந்தக் கடதாசியில் அது எழுதப்படவில்லை. இன்னும் அரை மணித்தியாலத்தில் அவர்கள் மேசையில் இருப்பார்கள். சட்டியில் மீன் சாறு விழும். கூறை நாளில் மூன்று பேரும் மச்சம் சாப்பிட்டுவிட்டு, சைவம் சாப்பிட்டோம் என்று எழும்புவார்கள். உலகத்தில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும். கலியாண வீட்டில் அந்தக் கூறையைப் பார்க்கும்போதெல்லாம் அது அவளுக்குப் போதும்.

பிறகு போனை எடுத்தாள்.

அவர்கள் மேல் இரக்கப்பட்டு எடுக்கவில்லை. விருந்தாளி வேண்டாம் என்று சொன்ன ஒன்று சட்டிக்குள் போகக்கூடாது என்பது அந்தக் குசினியின் முதல் பாடம். படித்துப் பட்டம் பெற்றவனுக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் இருக்கிறது. அவளுக்கு இருந்தது இந்த ஒரு பழக்கம். அதையும் அவர்களுக்காகக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

“மூண்டு பேர்தான் வருவினம், நொய் அக்கா. மீன் சாறு வேண்டாம். இறால் தூளும் வேண்டாம். உரலையும் கழுவு.”

“மூண்டோ? நீ?”

“நான் வரேல்லை.”

“நாலு கதிரை போட்டாச்சு. எடுக்க மாட்டன். கிடக்கட்டும்,” என்றாள் நொய்.

வெள்ளிக்கிழமை காலையில் டிலான் வந்து வெறும் தேத்தண்ணீர் குடித்தபடி விறாந்தைக் குந்தில் இருந்தான். “அக்கா, கோவிக்காமக் கேள்,” என்றுதான் தொடங்கினான்.

கடை வாசலில் மூவரையும் இறக்கிவிட்டு அவன் வானைத் திருப்பும்போது வசந்தமலர் கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். கல்லை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். காரியம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டுமாம். “டிலான், அதை எடுத்துக்கொண்டு வாரும்.” அவன் கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மேசையில் மூன்று பேர், நாலு கோப்பை. நாலாவது கதிரை வெறுமையாக இருந்தது.

“‘அதில வையும்’ எண்டா. வைச்சன்.” டிலான் கோப்பையைச் சுற்றினான். “நான் கையை எடுக்கேக்க உன்ர நொய் அக்கா குசினியால வந்தா. வந்த ஆக்களைப் பாக்க வந்தவ போல. கதிரையில கல்லு. அவ என்ன நினைச்சாவோ, இவையின்ர சாமி எண்டு நினைச்சாவோ தெரியேல்லை. ரெண்டு கையையும் கூப்பிக் குனிஞ்சு அதைக் கும்பிட்டிட்டுப் போனா, அக்கா.”

பாலம்மா கட்டிலில் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டாள்.

“நீ எங்க சாப்பிட்டனி?” என்று கேட்டாள் கிருஷாந்தி.

“வானுக்க. பார்சல். திரும்பி வரேக்க அன்ரி சொல்லிக்கொண்டு வந்தா, ‘சுத்தமான சைவம், நாங்கள் ஒண்டுமே சொல்லேல்லை, அவையாப் பாத்துச் செய்திருக்கினம், பெரிய இடங்கள் பெரிய இடங்கள்தான்’ எண்டு. எனக்கு வாய்க்கு வந்தது, பேசாம ஓடினன்.” அவன் எழும்பினான். “அந்தச் சனியன் இன்னும் சீற்றில பெல்ற்றோட கிடக்குது. எறியப் போறன்.”

“எறியாத. கொண்டா.”

சனிக்கிழமை வசந்தமலர் ஆளனுப்பிக் கூப்பிட்டாள். கூறைக்குச் சட்டை தைக்க வேண்டும். கிருஷாந்தி அளவு நாடாவோடும் ஒரு துணிப் பையோடும் போனாள். முன்மண்டபத்தில் கூறை விரித்துக் கிடந்தது. நிறம் பிசகவில்லை, சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

“வாசலுக்குக் கொண்டுவந்துதான் பாத்தனாங்கள், நீர் சொன்ன மாதிரி,” என்றாள் வசந்தமலர். “எல்லாம் உம்மட பிளான் படி அச்சொட்டாப் போச்சுது. கனடாவுக்கும் சொன்னனான். இரும் பிள்ளை, தேத்தண்ணி போடுறன்.”

அந்த வீட்டில் அவளை இரு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. கிருஷாந்தி துணிப் பையைத் திறந்து கல்லை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கதிரையில் வைத்தாள்.

“உங்கட ஆளை வானுக்க விட்டிட்டு வந்திட்டியள், அன்ரி.”

வசந்தமலருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “இதென்ன விசர் வேலை? உதை எங்கையும் எறிஞ்சிருக்கலாமே.”

“எறியலாமோ அன்ரி? உங்களோட ஒரே மேசையில இருந்த ஆள்.”

சிரிப்பு நின்றது. லக்சிகா அறை வாசலில் வந்து நின்று தாயைப் பார்த்தாள். வசந்தமலர் கூறையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள், சரியாக இருந்ததைத்தான். “தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்,” என்றாள், குரல் மாறி.

“எங்க இருந்து குடிக்கிறது? கதிரையில ஆள் இருக்கு.”

அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

கூறைச் சட்டையைப் பஸ் நிலையத்தடித் தையல்காரர் தைத்தார். கலியாணத்துக்குப் பேசியிருந்த மூன்று நாள் ஹயரையும் டிலானிடமிருந்து எடுத்து வேறு வானுக்குக் கொடுத்தார்கள். அவன் அக்காவோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “நான்தான் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வைச்சனான். எனக்கு வராத ரோசம் உனக்கு எங்கையிருந்து வந்தது?” என்று ஒருநாள் கேட்டான். கலியாணத்துக்கு அழைப்பு வரவில்லை. மயில்நீலச் சுரிதாரைக் கழுத்து லேஸைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு உடுக்கிறாள்.

ஐப்பசியில் தாழ்வுபாட்டில் இருந்து மேரிசெல்வி வந்தாள். மகளுக்கு முதல் நற்கருணைக்குப் போடும் புதுநன்மைச் சட்டை எடுக்க வேண்டும், வெள்ளை நெற் துணியும் தலைக்குப் பூமுடியும். கிருஷாந்தி கடதாசியை விரித்தாள். கோட்டை ஸ்ரேசன், புறக்கோட்டை, குறுக்குத் தெருக்கள். வெள்ளை நெற் எங்கே மலிவு, எங்கே மஞ்சளித்த பழைய நெற்றைத் தருவார்கள் என்று சொன்னாள்.

“மத்தியானம் எங்க சாப்பிடுறது?” என்று கேட்டாள் மேரிசெல்வி. “நீ வேலை செய்த தாய்லாந்துக் கடை எண்டு ஏதோ சொல்லுவியே? பிள்ளைக்கு ஆசையாக் கிடக்கு, போனில கண்டுபோட்டு நச்சரிக்கிறாள்.”

“எத்தனை பேர் போறியள்?”

“மூண்டு. நான், அவர், மகள்.” மேரிசெல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்டி, நீயும் வாவன். எங்களுக்கும் வழிகாட்ட ஆளாச்சு. நாலு பேராப் போய்ச் சாப்பிட்டிட்டு வருவம்.”

அது உண்மையான அழைப்புத்தான். மேரிசெல்வி வஞ்சகம் இல்லாதவள், சொன்னால் சொன்னதுதான். அது கிருஷாந்திக்கும் தெரியும். சோக்கின் முனை பம்பலப்பிட்டி வரவேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது, அங்கே ஒரு வெள்ளைப் புள்ளியும் விழுந்தது. அவள் அதைப் பெருவிரலால் தேய்த்து அழித்தாள்.

“அந்தக் கடை அவ்வளவு சரியில்லை, அக்கா,” என்றாள். சோக்குக் கோட்டை நேரே ஸ்ரேசனுக்குத் திருப்பி இழுத்தாள். “வீட்டில இருந்து சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கோ.”